உறுதி செய்யப்படாத மரணம்

மத்திகிரியில் மேஜர் ஜெனரல் ஆரோக்கியநாதன் வீட்டுக்குப் பால் ஊற்றுகிற ராமப்பனுக்குக்கூட ஒரு தரம் உண்டு. ஆள் எப்படி என்பதற்கு ஓர் எழுத்து, அவன் கொண்டுவரும் சேதி எப்படி என்பதற்கு ஓர் எண். உளவுப் பிரிவில் சேதியை அப்படித்தான் நிறுப்பார்கள். 'ஏ ஒன்று' என்றால் ஆளையும் நம்பலாம், சேதியும் வேறு வழியில் உறுதியானது. 'எஃப் ஆறு' என்றால் ஆளையும் தெரியாது, சேதி மெய்யா பொய்யா என்று சொல்லவும் வழியில்லை. ராமப்பன் 'சி மூன்று'. மாடு கன்று போட்டது என்பான், போட்டிருக்கும். பாலில் தண்ணீர் இல்லை என்பான், அதை ஜெனரல் காதில் வாங்கமாட்டார். பங்குச் சாமியாருக்கே 'பி இரண்டு'தான். அதற்கு மேல் கொடுக்க ஜெனரலுக்கு மனம் வரவில்லை.

ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகியும் இந்தப் புத்தி போகவில்லை. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், மகன் கனடாவில். பெரிய வீட்டில் ஒற்றை ஆளாக உட்கார்ந்துகொண்டு ஊரையெல்லாம் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். தன்னை மட்டும் அவர் தரம் பிரித்துப் பார்த்ததில்லை. அதற்கு அறுபத்தொன்பதாம் வருஷம் பிப்ரவரியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை வரவேண்டியிருந்தது.

அன்று பத்து மணிக்கு வெள்ளைத் துப்பட்டி போட்ட ஒரு பெண் கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள். பக்கத்தில் பதிமூன்று வயதில் ஒரு பெண் பிள்ளை. அந்தப் பிள்ளையின் மூக்கையும் மேலுதட்டையும் பார்த்ததுமே ஜெனரலுக்கு யார் என்று தெரிந்துவிட்டது. தெரிந்ததைக் காட்டிக்கொள்ளாமல் இருப்பதுதான் அவர் பார்த்த உத்தியோகம்.

"நான் குருபரப்பள்ளிங்க. நசருல்லா வூட்டுக்காரி, ஃபகருன்னிசா. இது மக, தில்ஷாத்" என்றாள். "அவுங்கள பம்பாய் துறைமுகத்துல வேலைக்குச் சேத்துவுடறேன்னு நீங்கதான் கூட்டிட்டுப் போனீங்க. அம்பத்தேழுல. ஞாபகம் இருக்குதுங்களா?"

"மெக்கானிக் ஒருத்தரு... ஆமாம்மா. ஒரு வார்த்தை சொல்லி வுட்டேன்."

அவள் துப்பட்டிக்குள்ளிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். அரசாங்க நோட்டீஸ். குருபரப்பள்ளி நசருல்லா பாகிஸ்தானில் குடியேறி அந்த நாட்டுப் பிரஜை ஆகிவிட்டதாகத் தகவல் வந்திருக்கிறது. ஆகவே நெடுஞ்சாலை ஓரத்தில் அவர் பேரில் இருக்கும் ஒன்றரை ஏக்கர் நிலமும், வீடும், டீக்கடையும் எதிரிச் சொத்து. ஆட்சேபணை இருந்தால் முப்பது நாளுக்குள் தக்க ஆதாரத்தோடு தெரிவிக்கவேண்டும். போன வருஷம்தான் இதற்கென்று சட்டம் போட்டிருந்தார்கள். தகவல் எங்கிருந்து வந்தது என்றால், ஒரு மொட்டைக் கடிதம். பெங்களூர்க்காரர்கள் கம்பெனி கட்டுவதற்கு ரோட்டோர நிலமாகத் தேடிக்கொண்டு திரிந்த காலம் அது. யாருக்கோ அந்த ஒன்றரை ஏக்கர்மேல் கண். 'எஃப் ஆறு' என்று எழுதிக் குப்பையில் போடவேண்டிய கடிதம் என்று ஜெனரல் நினைத்தார். ஆனால் அந்தக் கடிதம் சொன்னது உண்மை என்பதும் அவருக்குத்தான் தெரியும்.

"எம் புருஷன் பாகிஸ்தானுக்கு ஓடிட்டாருன்னு எழுதியிருக்கறாங்க சார். பம்பாய்ல இருந்து பதினாறு கடுதாசி போட்டிருக்கறாரு. எல்லாம் வச்சிருக்கறேன். சண்ட வந்த வருசத்துல இருந்துதான் கடுதாசி இல்ல. உங்களுக்குத் தெரியும்ல? அவுங்க எங்க சார்?"

நசருல்லா பெற்ற பெண் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பதை ஜெனரல் கண்டார். இருந்தாலும் வாயிலிருந்து வந்தது பழகிய வார்த்தைதான்.

"துறைமுகத்துல சேத்துவிட்டதோட சரிம்மா. அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணும் தெரியாது."

அவள் நோட்டீஸை மடித்துக்கொண்டு மகளோடு போய்விட்டாள். ஜெனரல் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

அந்த வார்த்தையை எழுதி வைத்தவரே அவர்தான். தில்லியில் கர்னலாக இருந்தபோது, ஐம்பத்தெட்டில், பிரிவுக்கென்று ஒரு விதி வகுத்தார். அனுப்பிய ஆளைப் பற்றி மனைவி கேட்டாலும் சரி, மந்திரி கேட்டாலும் சரி, ஒரே பதில்: இப்பெயரில் எவரும் எங்களிடம் பணிபுரிந்ததாகப் பதிவில்லை. நல்ல விதி என்று மேலே பாராட்டினார்கள். இப்படி ஒவ்வொரு படியாக ஏறி வந்த மனிதர் அவர். அப்பா இதே மத்திகிரியில் வெள்ளைக்காரன் வைத்திருந்த ராணுவக் குதிரைப் பண்ணையில் லாடம் அடித்தவர். பிள்ளைக்கு வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், குதிரைக்காரர்களிடம் உருது. பதினெட்டு வயதில் பெங்களூரில் சிப்பாயாகச் சேர்ந்தபோது இந்த நாலு பாஷையும் ஒரு காசுக்குப் பிரயோஜனப்படும் என்று யாருக்கும் தெரியாது. பர்மாவில் தெரிந்தது. பிடிபட்டவன் எந்தப் பாஷையில் பொய் சொல்கிறான், எந்தப் பாஷையில் அம்மாவைக் கூப்பிடுகிறான் என்று கேட்டுச் சொல்லும் காது அவருக்கு இருந்தது. அங்கிருந்து மேலே தூக்கிவிட்டார்கள். சுதந்திரம் வந்தபோது மேஜர். லாடக்காரன் பிள்ளை ராணுவ உளவுப் பிரிவுக்கே தலைவராகி, கழுத்துப்பட்டையில் ஜெனரலுக்குரிய சிவப்புப் பட்டையோடு வந்து இறங்கியபோது மத்திகிரியில் வெடி போட்டார்கள்.

அந்தக் கடைசிப் படியில் அவரை ஏற்றிவிட்டவன் நசருல்லா.

ஐம்பத்தேழில் ஜெனரல் லீவில் வந்துகொண்டிருந்தார். குருபரப்பள்ளியில் கார் நின்றுவிட்டது. பக்கத்துக் கொட்டகையிலிருந்து ஒருவன் வந்தான். ஸ்குரூ டிரைவரின் ஒரு முனையை எஞ்சினிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். மூன்றாவது வால்வு என்றான். வண்டியைப் பிரித்துக் கோத்து முடிப்பதற்குள் அந்த ரோட்டில் போன ஆந்திரா லாரிக்காரனிடம் தெலுங்கில் திட்டு வாங்கினான், கோலார்க்காரனுக்குக் கன்னடத்தில் வழி சொன்னான், ஜெனரலிடம் அழகான உருதுவில் பேசினான். கராச்சியில் மதராஸிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் போய்க் குடியேறிய முஸ்லிம்கள் ஒரு பேட்டையே இருந்தார்கள். அவர்கள் நடுவில் இவனைக் கொண்டுபோய் விட்டால் வித்தியாசமே தெரியாது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது ஜெனரலுக்கு. ஆறு மாதத்தில் ஆளைத் தயார் செய்தார். நசருல்லாவுக்கு எங்கே போகிறோம் என்று தெரியும், நாட்டுக்காக என்றும் தெரியும். வீட்டில் மட்டும் பம்பாய் என்று சொல்லச் சொன்னார். கைக்குழந்தையைத் தூக்கி முத்தம் கொடுத்துவிட்டு அவன் ஏறிய பஸ் பம்பாய்க்குப் போகும் ரயிலைப் பிடிக்கத்தான் போயிற்று. அதற்கப்பால்தான் வழி மாறியது.

கராச்சியில் ராணுவக் குடியிருப்புக்குப் பக்கத்தில் லாரிப் பட்டறை போட்டான். அந்த நாட்டுப் பிரஜையாகப் பதிந்துகொண்டான், பாஸ்போர்ட்டும் எடுத்தான். எல்லாம் ஜெனரல் உத்தரவுப்படி. வீட்டுக்கு அவன் எழுதும் கடிதம் கொழும்பு வழியாகத் தில்லிக்கு வந்து, அங்கிருந்து பம்பாய் போய், பம்பாய் முத்திரையோடு குருபரப்பள்ளியில் போய்ச் சேரும். அறுபத்தைந்து ஜூனில் ஒரு சேதி அனுப்பினான். ராணுவ லாரிகளுக்கு அடியில் போடுகிற பட்டை ஸ்பிரிங்கை நானூறு செட் ஒரே வாரத்தில் மாற்றச் சொல்லியிருக்கிறார்கள், மேட்டு வழிக்குத் தாங்குகிற கனத்தில். அதிலிருந்து எந்தப் படை எப்போது எந்தப் பக்கம் நகரும் என்று ஜெனரல் கணக்குப் போட்டு எழுதினார். அப்படியே நடந்தது.

ஆகஸ்டில் இன்னொரு சேதி வந்தது. 'மாமாவுக்கு மூச்சு வாங்குகிறது. வீட்டைச் சுற்றி ஆள் நடமாட்டம். ஊருக்கு வரட்டுமா?' மாமா என்றால் அவன்தான். வரச் சொல்லியிருந்தால் கொழும்புக் கப்பலில் வந்து சேர்ந்திருப்பான். சண்டை நெருங்கும் நேரத்தில் அந்தக் காதை இழக்க ஜெனரலுக்கு மனமில்லை. 'இந்த நேரத்தில் மாமாவை விட்டு வராதே. இரண்டு மாதம் பொறு' என்று பதில் எழுதினார். அதன் பிறகு ஒரு சேதியும் இல்லை. ஜனவரியில் அவருக்குப் பதவி உயர்வும் பதக்கமும் வந்தன.

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. நோட்டீஸ் வந்த மறுவாரம் தவக்காலம் தொடங்கியது. கோயிலுக்குப் போய், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டியில் மண்டியிட்டார். "ஒரு ஆளை ஒரு எடத்துல வுட்டுட்டேன், சாமி" என்றார். யார், எங்கே என்று உள்ளேயிருந்து சாமியார் கேட்டார். "அதைச் சொல்ல அனுமதி இல்லைங்க" என்றார் ஜெனரல். கடவுளிடம்கூட ஆளின் பேரைச் சொல்லாத மனிதரை என்ன செய்வது? சாமியார் ஜெபமாலையில் மூன்று பத்து மணி சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார்.

ஃபகருன்னிசா மறுபடியும் வந்தாள். இந்தத் தடவை மகளை விட்டுவிட்டு, கிருஷ்ணகிரியில் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுக்கும் சென்னப்பனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். சென்னப்பனுக்கு ஐம்பது வயது இருக்கும், காதில் ஒரு பேனா, கக்கத்தில் ஒரு கட்டுக் காகிதம். ஆபீஸின் எலி வளைகூட அவருக்குத் தெரியும்.

"சார், நாயமா பேசிடலாம்" என்று ஆரம்பித்தார். "இந்தம்மாகிட்ட பதினாறு லெட்டரு இருக்குது. எல்லாத்துலயும் பம்பாய் முத்திரை. மொட்டைக் கடுதாசியத் தவிர அவுங்ககிட்ட ஒரு ஆதாரமும் இல்ல. நீங்க ஒரு கையெழுத்து போட்டீங்கன்னா கேசு முடிஞ்சுபோச்சி. நசருல்லாங்கறவர எனக்குத் தெரியும், பம்பாய்ல நாந்தான் வேலைக்குச் சேத்தேன், அறுபத்தஞ்சுல அங்கயே காலராவுல செத்துட்டாரு, நானே போயிப் பாத்தேன். நாலு வரி. மேஜர் ஜெனரலு சொன்னா எந்தக் கொம்பன் சார் கேள்வி கேப்பான்?"

ஜெனரல் அவரையே பார்த்தார். "செத்துட்டாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கு என்னா தெரியும்? இந்தம்மாவுக்கே தெரியாது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்பாங்க. இங்க ஒரே பொய்யில ஒரு குடும்பம் நிக்கும்."

ஃபகருன்னிசா சுவரோரமாக நின்றாள். அவளுக்கும் இந்த யோசனை பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. உயிரோடிருந்தாலும் இருக்கக்கூடிய புருஷனைச் செத்துவிட்டான் என்று எழுதச் சொல்லி நிற்பது எந்தப் பெண்ணுக்குப் பிடிக்கும்? ஆனாலும் வீடு போய்விடும் என்ற பயம் அவளை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தது.

ஜெனரல் எழுந்தார். அவருக்குள் மூன்று வருஷமாக அடைத்துக்கொண்டிருந்தது உடைந்தது. நல்ல எண்ணத்தில்தான் உடைந்தது, அதில் சந்தேகமில்லை.

"அம்மா, உக்காருங்க" என்றார். அவள் உட்காரவில்லை. "நான் அன்னிக்கு உங்ககிட்டப் பொய் சொன்னேன். அவர் பம்பாய்க்குப் போகவே இல்ல. கராச்சிக்குப் போனாரு. நான்தான் அனுப்பினேன். நம்ம ராணுவத்துக்காக அங்க உளவு பாத்தாரு. எட்டு வருஷம். அவர மாதிரி ஒரு ஆள் எனக்குக் கெடச்சதே இல்ல."

சென்னப்பன் பேனாவைக் காதிலிருந்து எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தார். ஃபகருன்னிசா சுவரை விட்டு ஓர் அடி முன்னால் வந்தாள்.

"அவுங்களுக்குத் தெரியுமா? எங்க போறோம்னு?"

"தெரியும்."

"அப்ப எனக்கு மட்டுந்தான் தெரியாது" என்றாள். "அந்தக் கடுதாசியில எல்லாம் பம்பாய்ல மழை, பம்பாய்ல மீனு மலிவுன்னு எழுதியிருந்தாரே. அதுகூட நீங்க சொல்லிக் குடுத்ததா?"

ஜெனரல் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு நிமிர்ந்து, "முழு உண்மையையும் எழுதித் தர்றேன். உங்க புருஷன் துரோகி இல்ல, தேசத்துக்காகப் போனவருன்னு என் கையால எழுதித் தர்றேன். அதுக்காக என்னைப் புடிச்சு ஜெயில்ல போட்டாலும் சரி" என்றார்.

சென்னப்பன் பதறிப்போனார். "வேணாம் சார். உண்மைய எழுதாதீங்க. உங்க காலப் புடிச்சுக்கறேன். ஆபீசுல உண்மைக்கு எடமில்ல சார். செத்துட்டாருன்னா ஃபைல மூடிருவாங்க. கராச்சின்னு ஒரு வார்த்த எழுதுனீங்க, மூடுன ஃபைலும் தொறந்துக்கும்."

"மிஸ்டர் சென்னப்பன்" என்றார் ஜெனரல். குரல் பழைய ஆபீஸ் குரலாகிவிட்டது. "நான் ஆளுங்ககிட்டப் பொய் சொல்லியிருக்கேன். அது என் வேலை. ஆனா அரசாங்கத்துக்கு எழுதற காகிதத்துல முப்பது வருஷமா ஒரு பொய் எழுதுனதில்ல. உறுதியாகாததை உறுதின்னு எழுதுனதில்ல. இனிமேலும் எழுதமாட்டேன்."

இதைத்தான் அவர் தன் வாழ்நாள் மானமாக வைத்திருந்தார். ஃபகருன்னிசாவுக்கு இந்த மானம், காகிதம் எல்லாம் புரியவில்லை. ஒரு பெரிய மனிதர் தன் புருஷன் துரோகி இல்லை என்று எழுதித் தருகிறேன் என்கிறார், அது மட்டும் புரிந்தது. நோட்டீஸ் வந்ததிலிருந்து ஊரில் தில்ஷாத்தைப் பாகிஸ்தான்காரன் மகள் என்றுதான் கூப்பிடுகிறார்கள். "எழுதுங்க சார்" என்றாள்.

நாலு நாள் உட்கார்ந்து டைப் அடித்தார். இங்கிலீஷில் ஒன்பது பக்கம், பதினொரு பத்தி, ஒவ்வொரு பத்திக்கும் எண். உளவுப் பிரிவில் புதிதாகச் சேரும் அதிகாரிகளுக்கு அறிக்கை எழுதக் கற்றுக்கொடுத்தவர் அல்லவா? ஒரு ஆணி விட்டுப்போகக் கூடாது. மூன்றாவது பத்தியில், நசருல்லாவைத் தேர்ந்தெடுத்து அனுப்பியவன் நானே என்று எழுதினார். நாலாவதில், என் உத்தரவின்பேரில் இன்ன தேதியில் பாகிஸ்தான் பிரஜையாகப் பதிந்துகொண்டார், இன்ன எண் பாஸ்போர்ட் பெற்றார் என்று எழுதினார். பத்து வருஷம் கழித்தும் அந்த எண் ஞாபகத்தில் இருந்தது, அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட. ஆறாவதில், பம்பாய் முத்திரையிட்ட கடிதங்கள் யாவும் எங்கள் ஏற்பாடு, அவர் பம்பாயில் ஒரு நாளும் வசித்ததில்லை என்று விளக்கினார். எட்டாவதில் மாமாவின் கடிதத்தையும் தன் பதிலையும் அப்படியே எழுதினார். ஒன்பதாவதில், நசருல்லா பிடிபட்டு இறந்திருக்கலாம், ஆனால் மரணம் உறுதி செய்யப்படவில்லை என்று முடித்தார். அந்த வாக்கியத்தை மட்டும் மூன்று தடவை அடித்து எழுதிப் பார்த்தார். இறந்துவிட்டார் என்று எழுத அவருக்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

கையெழுத்துப் போட்டு, பதக்கங்களின் பட்டியலையும் இணைத்து, ஓசூர் தபாலாபீஸில் ரிஜிஸ்டர் செய்துவிட்டு வந்த அன்று மூன்று வருஷத்துக்குப் பிறகு நன்றாகத் தூங்கினார். ரகசியச் சட்டத்தில் போலீஸ் வரும் என்று ஒரு பெட்டியில் இரண்டு செட் துணியும் ஜெபப் புத்தகமும் எடுத்து வைத்திருந்தார். போலீஸ் வரவில்லை.

ஜூன் மாதம் கிருஷ்ணகிரியில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். ஜெனரல் கோட்டு போட்டு, பதக்கங்களைக் குத்திக்கொண்டு போனார். அதிகாரி சின்ன வயசுக்காரர், மரியாதை தெரிந்தவர். எழுந்து நின்று கைகொடுத்து நாற்காலி போடச் சொன்னார். ஃபகருன்னிசாவும் தில்ஷாத்தும் சென்னப்பனும் எதிரே நின்றார்கள்.

"ஜெனரல் சார், உங்க லெட்டர் எங்களுக்கு ரொம்ப உதவியா இருந்தது" என்றார் அதிகாரி. "வெறும் மொட்டைக் கடிதத்த வச்சுக்கிட்டு இந்தக் கேஸ எப்படி முடிக்கிறதுன்னு முழிச்சுக்கிட்டிருந்தோம்."

ஜெனரலுக்கு முதலில் விளங்கவில்லை. அதிகாரி உத்தரவை எடுத்துப் படித்தார். நசருல்லா பாகிஸ்தான் பிரஜையானது, ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் ஒருவரின் கடிதத்தில் நாலாவது பத்தியில் தேதியோடும் பாஸ்போர்ட் எண்ணோடும் நிரூபணமாகிறது. மனுதாரர் காட்டிய பம்பாய்க் கடிதங்கள் உண்மையானவை அல்ல என்பது ஆறாவது பத்தியால் தெரிகிறது. அவர் இறந்ததாகச் சொல்ல ஆதாரமில்லை என்பது ஒன்பதாவது பத்தி. ஆகவே சொத்து எதிரிச் சொத்தே. முப்பது நாளில் காலி செய்யவேண்டும்.

சென்னப்பன் வாய்க்குள் முனகிக்கொண்டே ஒவ்வொரு வரியையும் ஃபகருன்னிசாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசி வரி வந்ததும் நிறுத்திவிட்டார். அவளுக்கு அதைச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

"நாலாவது பத்திய மட்டும் எப்படி எடுப்பீங்க?" ஜெனரல் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "மூணாவது பத்தியில நான்தான் அனுப்பினேன்னு இருக்கே! ரெண்டும் ஒரே லெட்டர், ஒரே கையெழுத்து!"

"தில்லிக்கு எழுதிக் கேட்டோம் சார்." அதிகாரி இன்னொரு தாளை அவர் பக்கம் திருப்பினார். அதில் ஒரே வரி இருந்தது: இப்பெயரில் எவரும் எங்களிடம் பணிபுரிந்ததாகப் பதிவில்லை. "மூணாவது பத்திய அவுங்க மறுக்கறாங்க. நாலாவத யாரும் மறுக்கல. நீங்களே எழுதியிருக்கீங்க."

ஜெனரல் அந்த வரியைப் படித்தார். எழுதியது அவரேதான், ஒரு சொல்கூட மாறவில்லை. பதினொரு வருஷத்தில் பிரிவுக்கு எத்தனையோ தலைவர்கள் வந்திருக்கலாம், விதி அப்படியே நின்றிருந்தது.

"அப்படின்னா என்னை அரெஸ்ட் பண்ணுங்க" என்றார். "ரகசியத்த வெளியில சொன்னதுக்கு. அப்பவாவது உண்மைன்னு ஆகும்ல?"

"அப்படி ஒண்ணு நடக்கவே இல்லன்னு தில்லி சொல்லுது சார். நடக்காததுல ரகசியம் ஏது?" அதிகாரி அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே வருத்தத்தோடுதான் சொன்னார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்பார்கள். இங்கே பிடித்தவர் பிள்ளையார் பிடிப்பதிலேயே பேர்போனவர். எந்தத் துண்டுச் சேதியை எடுத்து எதோடு சேர்த்தால் எதிரிக்கு என்ன தெரியும் என்று முப்பது வருஷம் யோசித்த மூளை, தன் கடிதத்தை எடுத்துப் படிக்கப்போகிறவன் எந்தத் துண்டைப் பிய்த்துக்கொள்வான் என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. சொந்த அரசாங்கத்துக்கு எழுதுகிறோம் என்று நினைத்துக்கொண்டு எழுதிவிட்டது. வெளியே வந்ததும் சென்னப்பன் அவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், தாயையும் மகளையும் பஸ் ஏற்றிவிடப் போய்விட்டார்.

இருபத்தெட்டாவது நாள் ஜெனரல் ஓசூரிலிருந்து பஸ் ஏறி குருபரப்பள்ளியில் இறங்கினார். என்ன சொல்லப்போகிறோம் என்று அவருக்கே தெரியாது. மத்திகிரி வீட்டில் வந்து இருந்துகொள்ளுங்கள் என்று சொல்லலாம் என ஒரு யோசனை இருந்தது. டீக்கடை வாசலில் மாட்டு வண்டி நின்றது. பாய்லரையும் பாத்திரங்களையும் ஏற்றியாகிவிட்டது. கதவில் நில அளவைக்காரர்கள் சிவப்பு மையில் ஒரு எண் போட்டிருந்தார்கள். பின்னால் நாலு மாமரம், அதற்கப்பால் காய்ந்த நிலம், ரோட்டில் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக இரைந்துகொண்டு போயின.

ஃபகருன்னிசா வாங்க என்றும் சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. வெளியே கிடந்த பெஞ்சில் அவராகவே உட்கார்ந்தார்.

"எங்க போறீங்க?"

"கல்லாவிக்கு. தம்பி வூடு இருக்குது. எத்தன நாளைக்கு வச்சிருப்பானோ."

"என் வீடு சும்மாதான் கெடக்குது. நீங்களும் பொண்ணும்..."

"வேணாம் சார்." அதை அவள் யோசிக்கக்கூட இல்லை.

உள்ளேயிருந்து தில்ஷாத் ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வண்டியில் வைத்துவிட்டு, அம்மா தடுப்பதற்குள் அவர் முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

"எங்க அத்தா உசுரோட இருக்காரா?"

ஜெனரல் வாயைத் திறந்தார். உறுதி செய்யப்படவில்லை என்ற சொல் நாக்கின் நுனியில் வந்து நின்றது.

"அந்தப் பேப்பர்ல செத்ததுக்கு ஆதாரமில்லன்னு எழுதியிருந்தீங்கன்னு சென்னப்ப மாமா சொன்னாரு" என்றாள் தில்ஷாத். "அப்ப இருக்காருன்னு அர்த்தமா? கல்லாவிக்கு நாங்க போயிட்டா, அவுரு வந்து இங்க தேடமாட்டாரா?"

ஃபகருன்னிசா கையிலிருந்த சாமானைக் கீழே வைத்தாள். அவளும் அதே கேள்வியைத்தான் இத்தனை நாளாகத் தனக்குள் வைத்திருந்தாள் என்பது அப்போதுதான் ஜெனரலுக்குத் தெரிந்தது. அவருடைய ஒன்பதாவது பத்தி வீட்டைப் பிடுங்கியதோடு நிற்கவில்லை. வராத மனிதனுக்காக இந்த இரண்டு பேரையும் வாழ்நாள் பூராவும் ரோட்டைப் பார்க்க வைக்கப்போகிறது. பர்மாவில் குண்டு விழும்போதுகூட அவர் இப்படிப் பயந்ததில்லை.

"செத்துட்டாரும்மா" என்றார். "எனக்கு உறுதியாத் தெரியும்."

"எப்ப?" ஃபகருன்னிசாதான் கேட்டாள்.

"அறுபத்தஞ்சு, செப்டம்பர் இருபதாந்தேதி. திங்கக்கெழம. ஜெயில் ஆஸ்பத்திரியில, காய்ச்சல்ல. அடிக்கல, கொடுமைப்படுத்தல. நம்ம ஆள் ஒருத்தர் பக்கத்துல இருந்தாரு. முறைப்படி தொழுகை வச்சுத்தான் அடக்கம் பண்ணாங்க." தேதி, கிழமை, இடம், சாட்சி, எல்லாம் தடங்கலில்லாமல் வந்தன. ஒரு எழுத்துகூட உண்மையில்லை.

தில்ஷாத் அம்மாவின் துப்பட்டியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஃபகருன்னிசா மகளின் முதுகைத் தடவிக்கொண்டே ஜெனரலின் முகத்தைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். மத்திகிரி வாசலில், துறைமுகத்தில் சேர்த்துவிட்டதோடு சரி என்று அவர் சொன்னபோது பார்த்தாளே, அதே முகம்தான் இப்போதும் இருந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இவ்வளவு நல்லா சொல்ல வருதே சார் உங்களுக்கு" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. "தேசத்துக்காக எத்தன பேருகிட்ட எத்தன பொய்யி. எனக்கே பதினாறு கடுதாசி. அன்னிக்கு அந்தப் பேப்பர்ல எங்களுக்காக ஒண்ணே ஒண்ணு, இதே வார்த்தைய எழுதக் கை வரலியே உங்களுக்கு?"



வண்டிக்காரன் மாட்டைப் பூட்டிவிட்டு வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டான். ஃபகருன்னிசா மகளை மெல்ல விலக்கி நிறுத்திவிட்டு வந்து பெஞ்சின் ஒரு முனையைப் பிடித்தாள்.

"எந்திரிங்க சார்" என்றாள். "இதையும் ஏத்தணும்."